முஷ்டியைப் பார்த்துப் பாயாதீங்க, கோச் சார்

போன சனிக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பத்தில் பள்ளிப் பையன்களுக்கான கூடைப்பந்து ஆட்டம், நான் நடுவர். நீலச் சட்டை 14, லே-அப் (கூடைக்குக் கீழே ஓடிவந்து பந்தைப் போடுவது) போட வந்தவன் மணிக்கட்டில் ஓங்கி ஒரு அடி. விசில் ஊதினேன். ஸ்கோர் எழுதும் மேஜைப் பக்கம் போய் வலது கையை முஷ்டியாக்கி, இடது கையில் நாலு விரல் காட்டி, "நீலம், பதினாலு, கையில அடி, ரெண்டு ஷாட்" என்றேன். அவ்வளவுதான். "எம் பையனுக்கு முஷ்டி காட்டுறியா?" என்று கோச் பாய்ந்து வந்துவிட்டார்.

இந்த வருஷத்தில் இது எனக்கு மூணாவது முறை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஐயா, எனக்கு இருப்பது பத்து விரல். 11 முதல் 15 வரையுள்ள எண்களுக்கு வலது கை முஷ்டிதான் பத்து, இடது கை விரல்கள் மீதி. 16-க்கு மேல் முதலில் புறங்கையால் பத்தாம் இடம், பிறகு உள்ளங்கையைத் திருப்பி ஒன்றாம் இடம். விசிலோடு தலைக்கு மேலே போகிறதே, அந்த முஷ்டி வேறு: ஃபவுல் (எதிராளியை அடிப்பது, தள்ளுவது போன்ற தப்பு), கடிகாரத்தை நிறுத்து என்று அர்த்தம். விரித்த உள்ளங்கை மேலே போனால் வயலேஷன், அதாவது ஆளை அடிக்காத வேறு விதிமீறல். இதில் உங்கள் பையன் மேல் எனக்கென்ன விரோதம்? ஸ்கோர் ஷீட் எழுதும் பிள்ளைக்கு நான் கணக்குச் சொல்கிறேன். சைகையோடு வாயாலும் சொல்லச் சொல்வது உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதிப்புத்தகம்தான் (கால்பந்து ஃபிஃபா வேறு). இளம் நடுவர்களே, உங்களுக்கும் ஒரு குட்டு: முணுமுணுக்காதீர்கள். கடல்காத்து அடிக்கிற மைதானத்தில் பெஞ்சுக்கு ஒன்றும் கேட்காது, பிறகு சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

கேட்கணுமா, கேளுங்கள். பந்து ஆட்டத்தில் இல்லாமல், கடிகாரம் நின்றிருக்கும்போது கேப்டன் மரியாதையாக வந்து கேட்கலாம். கோச் கத்தினால் டெக்னிக்கல், அதாவது நடத்தைக்கான ஃபவுல்; எதிரணிக்கு யாரும் தடுக்காமல் கூடையில் போட ஒரு ஃப்ரீ த்ரோ. அவரே இரண்டாவது வாங்கினால் வெளியே.

அஞ்சாவது ஃபவுல் என்று நான் சொன்னதும் "ஆறுதானே சார்?" என்று நிற்காதீர்கள், தம்பிகளா. அது டிவியில் பார்த்த அமெரிக்க லீக், என்.பி.ஏ. இங்கே அஞ்சோடு வெளியே, 30 வினாடிக்குள் மாற்று ஆள் இறங்கியாக வேண்டும்.

இடைவேளையில் அந்தப் பதினாலு தயங்கித் தயங்கி வந்தான். "சார், பந்துலதானே கை வச்சேன்?"

"பந்துல பட்டதுக்கு முன்னாடி மணிக்கட்டுல பட்டுச்சுடா."

தன் மணிக்கட்டையே ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, தண்ணி குடிக்க ஓடினான்.