பதினான்கு கருவிகளும் ஓர் ஆணியும்

மொட்டைமாடியில் துணி காயப்போடும் கம்பி அறுந்துபோயிருந்தது. முறுக்கிக் கட்டினால் போதும். கையில் இருந்தது நடைபாதைக் கடையில் 250 ரூபாய்க்கு வாங்கிய மல்டி டூல். அட்டையில் ‘14 கருவிகள்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. பிளேயரில் கம்பியைக் கவ்வி இரண்டாவது முறுக்குக் கொடுக்கும்போதே ஒரு தாடை உடைந்து கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். உடைந்த இடம் வெல்லக்கட்டியைப் பிட்டது போல மணல் மணலாக, மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றி வைத்திருந்த காந்தத்தை அதன் மேல் வைத்தேன். ஒட்டவே இல்லை.

அது எஃகே கிடையாது என்று அப்போதுதான் தெரிந்தது. துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் ஊற்றினால் எந்த வடிவமும் எளிதாக வந்துவிடும். மேலே முலாம் பூசினால் எஃகு மாதிரியே மின்னும். ஆனால் எஃகுத் தாடை உடைவதற்கு முன் பெரும்பாலும் கொஞ்சமாவது வளைந்து கொடுக்கும். இந்த வார்ப்பு வளையாது, நேராக முறிந்துவிடும். அன்றிலிருந்து இந்தச் சின்னக் கருவிகளைக் கழற்றிப் பார்ப்பதும், அவை எப்படி வேலை செய்கின்றன என்று படிப்பதும் எனக்குப் பழக்கமாகிவிட்டது. குறைந்த விலையில் வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எத்தனை கருவி என்று எண்ணாதீர்கள். பாகங்களைக் கோக்கும் ஆணியையும், அவற்றை அழுத்திப் பிடிக்கும் வில்லையும் (ஸ்பிரிங்) பாருங்கள்.

ஆணி ஏன் அவ்வளவு முக்கியம்? பிளேயர் என்பது இரண்டு நெம்புகோல்கள் ஓர் அச்சாணியில் குறுக்காகச் சேர்ந்தது. ஆணியிலிருந்து 6 சென்டிமீட்டர் தள்ளி, 15 கிலோ எடைக்குச் சமமான விசையில் கைப்பிடியை அழுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூக்கு நுனி ஆணியிலிருந்து 3 சென்டிமீட்டரில் இருந்தால் அங்கே கிடைப்பது 30 கிலோ. கம்பி வெட்டும் இடம் 1 சென்டிமீட்டரில் இருக்கிறது. அங்கே 90 கிலோ. தடித்த அட்டையைக் கத்தரிக்கோலின் ஆணியை ஒட்டி வைத்து வெட்டுகிறோமே, அதே கணக்கு. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கை கொடுக்கும் 15 கிலோ, கம்பி திருப்பித் தள்ளும் 90 கிலோ இரண்டையும் சேர்த்துத் தாங்குவது அந்த ஆணிதான். ஆக 105 கிலோ, ஒரு பருமனான ஆளின் எடை, சில மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்த ஆணியின், அதாவது ரிவிட்டின் மேல் விழுகிறது. ரிவிட் கொஞ்சம் லூஸாக இருந்தால் தாடைகள் நேருக்கு நேர் சந்திக்காமல் பக்கவாட்டில் விலகும். விலகினால் விசை வளைக்கும் விசையாக மாறும். அங்கிருந்து உடைவதற்கு அதிக தூரமில்லை.

பிளேயரை மடித்துச் சட்டைப்பையில் போடலாம் என்ற எண்ணத்தை ஊரறியச் செய்தவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து டிம் லெதர்மேன். 1975இல் மனைவியோடு பழைய ஃபியட் 600 காரில் ஐரோப்பாவைச் சுற்றும்போது, கார் அடிக்கடி மக்கர் செய்தது. தங்கிய விடுதிகளில் குழாய் ஒழுகியது. பையில் இருந்த சாரணர் கத்தியில் எல்லாம் இருந்தது, பிளேயர் மட்டும் இல்லை. ஊர் திரும்பி வருடக்கணக்கில் மாதிரிகள் செய்து, 1983இல் முதல் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ‘ப’ போல மடித்த தகடுதான் கைப்பிடி. உள்ளே இருக்கும் பள்ளத்தில் மற்ற கருவிகள் படுத்துக்கொள்ளும். கெட்டிக்காரத்தனமான யோசனை. ஆனால் அழுத்திப் பிடிக்கும்போது தகட்டின் விளிம்பு உள்ளங்கையில் பதியும். அதே 15 கிலோ அகலமான பரப்பில் விழுந்தால் கைக்குத் தெரியாது, மெல்லிய விளிம்பில் விழுந்தால் வலிக்கும். இன்றைய மலிவுக் கருவிகள் பலவற்றில் இந்த விளிம்பு அப்படியே இருக்கிறது. கடையில் ஒரு தடவை நன்றாக அழுத்திப் பார்த்தாலே கை சொல்லிவிடும்.

சரி, வில்லுக்கு வருவோம். இதற்கு இன்னும் பின்னால் போக வேண்டும். சுவிட்சர்லாந்தில் இபாக் என்ற ஊரில் கார்ல் எல்செனர் 1884இல் கத்திப் பட்டறை தொடங்கினார். துப்பாக்கியைப் பிரிக்கத் திருப்புளி, டப்பா உணவைத் திறக்க ஓப்பனர், இரண்டும் உள்ள மடக்குக் கத்தி சுவிஸ் சிப்பாய்களுக்குத் தேவைப்பட்டது. 1891 முதல் எல்செனர் அதைச் செய்து கொடுத்தார். அது கனமாக இருந்தது. 1897இல் பதிவு செய்த அடுத்த கத்தியில் அவர் செய்த மாற்றம்தான் இன்றுவரை நம் பைக்குள் இருக்கிறது: ஒரே வில் பல கருவிகளைப் பிடித்துக்கொள்ளும். ஆறு கருவிகளுக்கு இரண்டே வில்கள்.

மடக்குக் கத்தி ஒன்றைப் பாதி திறந்து அதன் அடிப்பாகத்தை உற்றுப் பாருங்கள். ஆணியைச் சுற்றியுள்ள பகுதி வட்டமாக இருக்காது, முனைகள் தெரியும். முதுகில் இருக்கும் பட்டை வில் அதன்மேல் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. கத்தியைத் திறக்கும்போது முனை வந்து வில்லைத் தூக்குகிறது. அதனால்தான் நகத்துக்குக் கனமாகத் தெரிகிறது. தட்டையான பக்கம் வந்ததும் வில் ‘டக்’ என்று படிந்துகொள்கிறது. மூடும்போதும் இதேதான். அந்தச் சத்தத்தை நான் கேட்டே வாங்குவேன். சத்தம் தெளிவாக இருந்தால் வில் நன்றாக அமர்கிறது. ‘சொத்’ என்று இருந்தால் வில் வலுவில்லை, அல்லது பொருத்தம் சரியில்லை. ஆனால் வில் பூட்டு ஆகாது. கத்தியின் முதுகில் அழுத்தம் விழுந்தால் அது விரல் மேலேயே மடங்கும். அதனால் இந்த வகைக் கத்தியால் குத்தித் துளை போடாதீர்கள், நெம்பாதீர்கள்.

இந்தக் கத்தியில் இருக்கும் எல்லா எஃகும் ஒரே கடினம் என்று நானும் முதலில் நினைத்திருந்தேன். எல்செனரின் பட்டறைதான் பின்னால் விக்டோரினாக்ஸ் நிறுவனமானது. கடினத்தைக் குறிக்க அவர்கள் சொல்லும் ராக்வெல் எண்களைப் பாருங்கள்: கத்தி அலகு 56, கத்தரிக்கோலும் ரம்பமும் அரமும் 53, திருப்புளியும் டப்பா ஓப்பனரும் 52, வில் 49. ராக்வெல் சோதனை என்பது ஒரு வைரக் கூம்பை 150 கிலோ எடையில் உலோகத்தின் மேல் அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்கியது என்று அளப்பது. ஓர் எண் வித்தியாசம் என்றால் ஆழத்தில் 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அலகுக்கும் வில்லுக்கும் நடுவே மொத்தமே 14 மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனைவிட எவ்வளவோ குறைவு. ஆனால் ஒன்று கூர் மழுங்காமல் நிற்பதும், இன்னொன்று ஆயிரக்கணக்கான தடவை வளைந்து திரும்புவதும் அந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது.

கொல்லுப் பட்டறையில் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. இந்தக் கத்தி எஃகைச் சுமார் 1,040 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் அதற்குள் இருக்கும் கார்பன் இரும்பில் கரைகிறது. சட்டென்று குளிர வைத்தால் அந்தக் கார்பனுக்கு வெளியேற நேரமில்லை. இரும்பின் படிக அடுக்குக்குள்ளேயே மாட்டிக்கொண்டு அதை இறுக்கிவிடுகிறது. மிகக் கடினம், ஆனால் கண்ணாடி போல உடையும். அதனால் மறுபடி மிதமாகச் சூடாக்குவார்கள். கத்தி அலகுக்கு 160 டிகிரி அளவில். இந்த இரண்டாவது சூடு கூடக் கூடக் கடினம் குறைந்து, தாங்கும் திறன் ஏறும். திருப்புளிக்கும் வில்லுக்கும் அதுதான் தேவை. இவ்வளவு வேலையும் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகச் செய்தால் செலவாகும். விலை 250 ரூபாய்தான், பாகம் 14 என்றால், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவழித்திருப்பார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அதே காசில் நாலு கருவி செய்தால் நாலும் நன்றாக வரும்.

பெட்டியில் எழுதியிருக்கும் எஃகின் பெயரை நீங்களே படித்துவிடலாம். சீனத் தயாரிப்புகளில் ‘3சிஆர்13’ என்றால் கார்பன் சுமார் 0.3 சதவீதம், குரோமியம் சுமார் 13. ‘5சிஆர்15எம்ஓவி’ என்றால் கார்பன் 0.5, குரோமியம் 15, கூடவே கொஞ்சம் மாலிப்டினமும் வனேடியமும். ‘8சிஆர்13எம்ஓவி’யில் கார்பன் 0.8. கார்பன் கூடினால் கூர் நிற்கும். ஆனால் அந்தக் கார்பன் குரோமியத்தில் ஒரு பங்கைப் பிடித்துக் கார்பைடாக்கிக்கொள்ளும். துருவைத் தடுக்க மிஞ்சும் குரோமியம் குறைந்துவிடும். எஃகைக் காப்பது குரோமியம் ஆக்சைடின் சில நானோமீட்டர் படலம்தான். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைக்கும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கும், வியர்வையில் நனையும் பைக்கும், விலை குறைந்த 5சிஆர்15 வகையே என் கணிப்பில் பொருத்தம். கூர் சீக்கிரம் போகும், உண்மைதான். ஆனால் சாதாரணச் சாணைக்கல்லில் ஐந்து நிமிடத்தில் திரும்ப வந்துவிடும். கல் இல்லையென்றால் பீங்கான் கோப்பையின் அடியில் பளபளப்பில்லாத வட்டம் இருக்கிறதே, அதுவே போதும்.

கடைக்குப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்றைக் கொண்டு போங்கள். கடினமாக்கக்கூடிய கத்தி எஃகில் காந்தம் பிடிக்கும். தாடையில் பிடிக்கவில்லை என்றால் வைத்துவிட்டு வந்துவிடலாம். பிடித்தால் மட்டும் நல்லதென்று சொல்ல முடியாது, வார்ப்பிரும்பிலும் பிடிக்கும். பிறகு பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், நுனி சேர வேண்டும். கத்தியைத் திறந்து நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். நிறைய தகடுகளை ஒரே ஆணியில் அடுக்கும்போது ஒவ்வொன்றிலும் 0.05 மில்லிமீட்டர் பிசகினால் பத்து அடுக்கில் அரை மில்லிமீட்டர்வரை போகலாம். அந்த ஆட்டம் கையில் தெரியும். கத்தரிக்கோல் இருந்தால் அதன் நுனியால் ஒற்றை நூலை வெட்டிப் பாருங்கள்; நூல் மடங்கி உள்ளே போனால் வேண்டாம். ஸ்டார் திருப்புளி தட்டையாக இருந்தால் திருகின் நாலு பள்ளத்தில் இரண்டில்தான் உட்காரும், இறுக்கமான திருகை அரித்துவிடும்.

எதை வாங்கலாம்? பிளேயர் உள்ள லெதர்மேன் வேவ் பிளஸ் 241 கிராம், பெரும்பாலான செல்போன்களைவிடக் கனம். விக்டோரினாக்ஸின் 91 மில்லிமீட்டர் ஸ்பார்ட்டன் சுமார் 60 கிராம்தான். பட்ஜெட் குறைவு என்றால் பிளேயரை விட்டுவிட்டு, கத்தி, கத்தரிக்கோல், ஓப்பனர், திருப்புளி மட்டும் உள்ள வில் வகையை வாங்குங்கள். கட்டிங் பிளேயர் தனியாக வீட்டில் இருக்கட்டும். பிளேயர் தினமும் வேண்டும் என்பவர்கள் கொஞ்சம் காசு சேர்த்து நல்லதாக வாங்கலாம். ஆனால் அதில் சைக்கிள் ஸ்போக், தூண்டில் முள் போன்ற கடின எஃகை வெட்டாதீர்கள். வெட்டும் வாயில் பல் விழும். கைப்பிடி முழுக்க உலோகம், காப்பு கிடையாது. 230 வோல்ட் இருக்கும் ஒயரின் பக்கம் அதைக் கொண்டு போகவே கூடாது. விமானத்தில் போகும்போது கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

அப்புறம், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, வெயிலில் கொஞ்ச நேரம் வைத்து, ஆணியில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுவேன். தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும், நாள்பட்டால் பிசுக்காகும். எண்ணெய் விட்டதும் ஒவ்வொன்றையும் பத்துத் தடவை திறந்து மூட வேண்டும். பஞ்சும் தூசியும் கலந்த கறுப்பு எண்ணெய் ஆணியின் ஓரமாகக் கசியும். பழைய வேட்டித் துணியால் துடைத்து, மறுபடி திறந்தால் அந்த ‘டக்’ முன்பைவிடத் தெளிவாகக் கேட்கும்.