சோறு பிசைய முடியாத கட்டைவிரலும் மூன்று கன்ட்ரோலர்களும்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பையன். அம்மாதான் கூட்டிக்கொண்டு வந்தார். "சோறு பிசைய முடியலைங்க. ஸ்பூன் குடுன்னு கேக்குறான்" என்றார். வலது கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில் வலி. எங்கள் பிசியோதெரபி கிளினிக்குக்கு வருமுன் வேறொரு இடத்தில் சுளுக்கு எடுத்திருக்கிறார்கள். எண்ணெய் போட்டு நீவி, கட்டைவிரலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்ததில் வலி இரண்டு மடங்காகிவிட்டது.

கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, அதன்மேல் மற்ற விரல்களை மூடி, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொன்னேன். பாதி சாய்ப்பதற்குள் கையை இழுத்துக்கொண்டான். டி குவெர்வெய்ன் என்ற சுவிஸ் அறுவை மருத்துவர் 1895இல் விவரித்த தொந்தரவு இது. அவர் பெயராலேயே அழைக்கிறோம். கட்டைவிரலைத் தூக்கவும் விரிக்கவும் உதவும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகலான உறைக்குள் சேர்ந்து ஓடுகின்றன. ஓய்வே இல்லாமல் ஓடினால் உறை தடித்து வழி இறுகிவிடும். கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மார்களிடம் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். இவன் வீட்டில் குழந்தை இல்லை. "கேம் விளையாடுவியா தம்பி?" என்றேன். பதில் அம்மாவிடமிருந்து வந்தது. அதை அப்படியே இங்கே எழுத முடியாது.

அடுத்த முறை வரும்போது, கேம் ஆடக் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரையும் கொண்டுவரச் சொன்னேன். கையை எவ்வளவு நேரம் பார்க்கிறேனோ அதே அளவு நேரம் கன்ட்ரோலரையும் பார்ப்பேன். கட்டைவிரலால் சாய்க்கும் குட்டிக் குச்சியான ஸ்டிக்கின் மேலுள்ள ரப்பர் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எந்த பட்டனின் எழுத்து அழிந்திருக்கிறது, பிடியில் வியர்வைக் கறை எங்கே படிந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். செருப்பின் தேய்மானத்தைப் பார்த்து நடையைச் சொல்வது மாதிரிதான். இவனுடைய கேம் இயந்திரமான பிளேஸ்டேஷன் 5இன் கன்ட்ரோலரில் வலது ஸ்டிக்கின் ரப்பர் ஓரம் ஒரே பக்கம் வழவழவென்று ஆகியிருந்தது. விரலின் நடுச்சதையால் தொடாமல், நுனியைச் சாய்த்து அழுத்துகிறான் என்று அர்த்தம்.

அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "ஃபிரெண்ட்ஸ் எல்லாம் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் வாங்கச் சொல்றாங்க சார். அதுதான் கைக்கு நல்லதாம். மாத்தினா சரியாயிடுமா?"

இந்தக் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். அதற்காகவே என் மேசையில் இப்போது மூன்று கன்ட்ரோலர்கள் கிடக்கின்றன: பிளேஸ்டேஷன் 5இன் டூயல்சென்ஸ், எக்ஸ்பாக்ஸ், நிண்டெண்டோ ஸ்விட்சின் ஜாய்கான். கிளினிக்கில் எதற்கு விளையாட்டுச் சாமான் என்று முழங்கால் வலிக்கு வரும் பெரியவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

கேம் விளையாடிக் கைவலி வருவது புதிய விஷயம் இல்லை. 1990இலேயே நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு மருத்துவர் கடிதம் எழுதினார். 35 வயதுப் பெண் ஒருவர் நிண்டெண்டோவில் ஐந்து மணி நேரம் விடாமல் விளையாடிவிட்டுக் கட்டைவிரல் வலியோடு வந்ததைப் பற்றிய கடிதம் அது. அந்த வலிக்கு மருத்துவர் வைத்த பெயர் 'நிண்டெண்டினைட்டிஸ்'. அந்தக் காலத்து கன்ட்ரோலர் சோப்புப் பெட்டி மாதிரி சதுர மூலைகளோடு இருக்கும். 90களில் நம் ஊரில் 'டிவி கேம்' என்ற பெயரில் விற்ற நகல்களும் அதே வம்சம்தான். என் உள்ளங்கையில் அந்த மூலை பதிந்த இடம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதற்கப்புறம் வந்த நிண்டெண்டோ 64இல், மாரியோ பார்ட்டி என்ற கேமின் சில ஆட்டங்களில் ஸ்டிக்கை வேகமாகச் சுழற்ற வேண்டும். குழந்தைகள் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துச் சுழற்றிக் கொப்புளம் வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் 2000ஆம் ஆண்டு நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலுடன் ஏற்பட்ட உடன்பாட்டில், கேட்பவர்களுக்குக் கையுறை தர நிண்டெண்டோ ஒப்புக்கொண்டது. முதல் எக்ஸ்பாக்ஸின் கன்ட்ரோலர் 2001இல் வந்தபோது அவ்வளவு பெரியது. 'டியூக்' என்ற பட்டப்பெயரே வந்தது. ஜப்பானியரின் கைக்காகச் சிறிதாகச் செய்த வேறொரு கன்ட்ரோலர்தான் பிறகு எல்லா நாடுகளிலும் அதன் இடத்தைப் பிடித்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கன்ட்ரோலர் என்பது ஏதோ ஒரு கையை மனதில் வைத்துச் செய்யப்படும் சாமான். அது உங்கள் கையாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

சரி, மேசைக்கு வருவோம். உங்கள் கையைத் தொடைமேல் தளர்வாக வையுங்கள். கட்டைவிரல் லேசாக வளைந்து, ஆட்காட்டி விரலுக்குப் பக்கத்தில் நிற்கும். அதுதான் அதற்கு ஓய்வு நிலை. ஒரு கன்ட்ரோலரைப் பிடிக்கும்போது இந்த நிலைக்கு நேராக எது அமைகிறதோ அதைத்தான் நீங்கள் அதிக நேரம் பயன்படுத்த வேண்டும். எக்ஸ்பாக்ஸில் இடது கைக்கு அந்த இடத்தில் ஸ்டிக் இருக்கிறது. டூயல்சென்ஸில் அந்த இடத்தில் இருப்பது கூட்டல்குறி பட்டன். ஸ்டிக் அதற்குக் கீழே உள்பக்கமாக இருக்கிறது.

ஏன் அப்படி? 1994இல் பிளேஸ்டேஷன் வந்தபோது அதன் கன்ட்ரோலரில் ஸ்டிக்கே கிடையாது. கூட்டல்குறி பட்டன்தான் ராஜா, நல்ல இடத்தில் அது உட்கார்ந்துகொண்டது. 1997இல் ஸ்டிக்குகளைச் சேர்த்தபோது மிச்சமிருந்த இடம் கீழேதான். பேருந்தில் முதலில் ஏறியவர் ஜன்னலோரம் பிடித்த கதை. இன்று பெரும்பாலான கேம்களில் நடப்பது, ஓடுவது எல்லாம் ஸ்டிக்கில்தான். ஆனாலும் இடம் மாறவில்லை. சிறிய கை உள்ளவர்கள் அந்த ஸ்டிக்கை எட்ட இடது கட்டைவிரலை உள்ளே நீட்டியே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. இடது கை வலியோடு வருபவருக்கு எக்ஸ்பாக்ஸ் அமைப்பு உதவலாம் என்று நானே சொல்வேன்.

ஆனால் இந்தப் பையனுக்கு வலி வலது கையில். வலது பக்கத்தை இரண்டிலும் பாருங்கள்: மேலே நான்கு பட்டன்கள், கீழே ஸ்டிக். இரண்டும் ஒன்றுதான். துப்பாக்கி கேமில் குறி பார்க்க ஸ்டிக், குதிக்க பட்டன், மறுபடி ஸ்டிக். கட்டைவிரல் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கிறது. புதிய கன்ட்ரோலர் வாங்கியிருந்தால் பணம் போயிருக்கும், வலி இருந்திருக்கும்.

எடையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. டூயல்சென்ஸ் சுமார் 280 கிராம், எக்ஸ்பாக்ஸ் பேட்டரியோடு சேர்த்து 287. முந்தைய பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலர் 210தான். எழுபது கிராம் பெரிதா என்று கேட்கலாம். சோபாவில் மல்லாந்து படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்து விளையாடுபவருக்குப் பெரிதுதான். அளவைப் பொறுத்தவரை 2020இல் வந்த எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை, எட்டு வயதுக் குழந்தையின் கைக்கும் பொருந்தட்டும் என்று மைக்ரோசாஃப்ட் கொஞ்சம் சுருக்கியது. டூயல்சென்ஸின் பிடி அதைவிடப் பருமன்.

ஜாய்கான் விசித்திரமான சாமான், ஸ்விட்சின் இரண்டு பக்கமும் மாட்டும் ஜோடி. ஒவ்வொன்றும் ஐம்பது கிராம் அளவுதான். தட்டையானது, பட்டன்கள் குட்டி. வலது ஸ்டிக் கிட்டத்தட்டக் கட்டைவிரலின் அடியிலேயே இருப்பதால், பெரிய கைக்காரர் விரலை ஒடித்து மடக்க வேண்டும். கட்டைவிரலைப் பொறுத்தவரை இது மூன்றில் கடைசி. தோளைப் பொறுத்தவரை இதுதான் முதல்! இரண்டையும் கழற்றிக் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டால், கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டே விளையாடலாம். கழுத்தும் தோளும் பிடித்துக்கொள்ளும் ஒருவருக்கு நான் பரிந்துரைத்தது இதைத்தான்.

இன்னொன்று, ஸ்டிக் தானாக நகரும் பழுது. இந்த ஸ்டிக்குகள் பலவற்றில் உள்ளே உராய்ந்து அளக்கும் பாகம் இருக்கிறது. தேய்ந்தால் தொடாமலேயே நகரும். அதைச் சரிக்கட்டக் கட்டைவிரல் எந்நேரமும் எதிர்ப்பக்கம் அழுத்திக்கொண்டே இருக்கும். விளையாடுபவருக்கு இது தெரியவே தெரியாது. ஒரு வருடத்துப் பழைய கன்ட்ரோலரோடு வலி தொடங்கியது என்றால் முதலில் இதைச் சோதிக்கிறேன். காந்தத்தால் அளக்கும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக்குகளில் இந்த உராய்வு இல்லை. மலிவு விலை நகல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஸ்பிரிங் கல் மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

பையனுக்கு என்ன செய்தோம்? கட்டைவிரலைத் தாங்கும் ஸ்பிளிண்ட், மூன்று வாரம் கேமுக்கு முழு விடுமுறை, அப்புறம் படிப்படியான பயிற்சிகள். அதோடு செட்டிங்ஸை மாற்றினோம். அவனுக்கே அது புதிது. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் மூன்றிலும் பட்டன்களின் வேலையை மாற்றி அமைக்கலாம். குதிக்கும் வேலையை மேல் விளிம்பில் இருக்கும் இடது ஆட்காட்டி விரல் பட்டனுக்குக் கொடுத்தோம். துப்பாக்கி கேம் ஆடுபவர்களிடம் இதற்கு 'பம்பர் ஜம்பர்' என்று பெயரே இருக்கிறதாம், அவன்தான் சொன்னான். கட்டைவிரலின் ஓட்டம் பெருமளவு குறைந்தது. ஸ்டிக்கின் சென்சிட்டிவிட்டியைக் கூட்டினோம், சின்ன அசைவே போதும் என்று. அழுத்திப் பிடித்தே இருக்க வேண்டியவற்றை ஒருமுறை அழுத்தினால் போதும் என்று மாற்றினோம். டூயல்சென்ஸில் துப்பாக்கி விசை மாதிரி இருக்கும் ட்ரிகர் சில கேம்களில் விரலை எதிர்த்துத் தள்ளும், அதையும் குறைத்தோம். அதிர்வை அணைத்துவிட்டோம். அதிர்வு சும்மா அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். தினமும் ஏழு மணி நேரம் வரை அதிர்வோடு விளையாடிய 15 வயதுச் சிறுவனின் விரல்கள் குளிரில் வெளுத்து வலித்ததை 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் பதிவு செய்திருக்கிறது. அதிரும் இயந்திரங்களோடு வேலை செய்பவர்களுக்கு வரும் கோளாறு அது.

பின்பக்கம் கூடுதல் பட்டன் வைத்த விலையுயர்ந்த கன்ட்ரோலர்களும் உண்டு. எக்ஸ்பாக்ஸ் எலைட், டூயல்சென்ஸ் எட்ஜ் போல. சும்மா கிடக்கும் நடுவிரலுக்கு வேலை கொடுப்பது நல்ல யோசனைதான். ஆனால் இலவசமாகச் செட்டிங்ஸில் செய்ய முடிவதை முதலில் செய்துவிட்டு அப்புறம் காசைப் பற்றி யோசியுங்கள். ஆட்காட்டி விரலை நண்டுக் கால் மாதிரி மடக்கிப் பட்டனை அழுத்தும் பழக்கம் இருந்தால் மட்டும் அந்தச் செலவு எனக்கு நியாயமாகத் தெரிகிறது.

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். வாங்குமுன் நண்பர் வீட்டிலோ கேமிங் சென்டரிலோ ஒரு மணி நேரம் அதிலேயே விளையாடுங்கள். எழுந்ததும் கையை உதறத் தோன்றுகிறதா, கட்டைவிரலின் அடிச்சதை பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் முழங்கைகளைத் தொடையிலோ தலையணையிலோ தாங்க வையுங்கள். ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தது லோடாகும் நேரத்தில் கன்ட்ரோலரைக் கீழே வையுங்கள். அந்த நேரத்தில் ஃபோனை எடுத்தால் கணக்கில் சேராது.

இரண்டு வாரத்துக்கு மேல் வலி நீடித்தாலோ, கட்டைவிரல் மடங்கி 'டக்' என்று மாட்டிக்கொண்டாலோ, இரவில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனாலோ மருத்துவரைப் பாருங்கள். யாரிடமும் கட்டைவிரலை இழுக்கக் கொடுக்காதீர்கள்.

ஆறு வாரம் கழித்துப் பையன் வந்தான். சாம்பார் சாதம் பிசைந்து சாப்பிடுகிறானாம். வாரநாளில் முக்கால் மணி நேரம் என்று அம்மாவும் அவனும் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். கிளம்பும்போது கதவருகே நின்று, "சார், கார் கேமுக்கு ஸ்டீரிங் வீல் வாங்கினா கட்டைவிரலுக்கு நல்லதுதானே?" என்றான். அம்மா என்னைப் பார்த்தார். நான் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டேன்.