ஹொக்கிக்குப் போகும் பிள்ளையின் பாடப் பட்டியல்

ஒரு மாசி மாதம், பள்ளி விட்ட பிறகு, ஒரு தகப்பனும் மகனும் பள்ளியின் பாட ஆலோசகரான என்னுடைய அறைக்கு வந்தார்கள். பெடியனுக்கு 19 வயது. ஒன்ராறியோவில் எங்கள் பள்ளியில் கிரேட் 12 முடித்து ஒன்றரை வருடத்துக்கு மேலாகிவிட்டது. வேறு ஊரில், வெளியூர் ஆட்டக்காரரை வீட்டில் வைத்துப் பார்க்கும் 'பில்லெட்' குடும்பம் ஒன்றோடு தங்கி, இருபது வயது வரையான பெடியன்களின் 'ஜூனியர் ஏ' ஐஸ் ஹொக்கி விளையாடுகிறான். அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவர் அவனோடு கதைத்து, பள்ளிப் புள்ளிகளை அனுப்பச் சொல்லியிருக்கிறார். தகப்பனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "மிஸ், புள்ளிப் பட்டியலை ஒரு கொப்பி அடிச்சுத் தந்தாக் காணும்" என்றார்.

கொப்பியை எடுத்துவிட்டு, பழக்கதோசத்தில் பேனையோடு பாடங்களை எண்ணத் தொடங்கினேன். 16 வரவேண்டும். 14 தான் வந்தது. திரும்பவும் எண்ணினேன்.

அந்தப் 16 என்னவென்று சொல்கிறேன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் விளையாட, உயர்நிலைப் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும். ஆங்கிலம் 4, கணிதம் 3, விஞ்ஞானம் 2, சமூக விஞ்ஞானம் 2, மிச்சம் அந்த வகைகளிலும் மொழிகளிலும் இருந்து. அவற்றின் சராசரி அவர்களுடைய 4 புள்ளி அளவுகோலில் 2.3க்குக் குறையக்கூடாது. கிரேட் 12 தொடங்குமுன்னரே 10 பாடங்கள் முடிந்திருக்க வேண்டும். அதில் 7 ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானமாக இருக்க வேண்டும். எல்லாம் கிரேட் 9 தொடங்கி நான்கு வருடத்துக்குள். நேரத்துக்கு உயர்நிலைப் பள்ளி முடித்தவருக்கு அடுத்த ஒரு வருடத்துக்குள் ஒரேயொரு பாடம் கூடுதலாக எடுக்கலாம். இவனுக்கு இரண்டு குறை, அந்த வருடமும் போய்விட்டது.

பெற்றோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மற்ற விளையாட்டுகளில் பிள்ளை 18 வயதில் கல்லூரிக்குப் போகும். ஐஸ் ஹொக்கியில் 20 வயதில் முதலாம் ஆண்டுக்குப் போவது சாதாரணம். பள்ளி முடித்துவிட்டு இரண்டு வருடம் ஜூனியரில் விளையாடி உடம்பைத் தேற்றிக்கொண்டு வரட்டும் என்று பயிற்சியாளர்களே விரும்புவார்கள். அதனால் வீட்டில் எல்லோரும் 'இன்னும் நேரம் கிடக்கு' என்றுதான் நினைக்கிறார்கள். விளையாட்டுக்கு நேரம் கிடக்கிறது, உண்மை. பாடத்துக்கு இல்லை.

குறைந்த அந்த இரண்டும் எவை? ஒன்று, கிரேட் 11 கணிதம். பஸ்சில் நெடுந்தூரப் பயணம், வெள்ளி, சனி ஆட்டம் என்று இருந்ததால் 'கொலிஜ்' பிரிவுக் கணிதத்துக்கு மாறியிருந்தான். தகப்பன் சொன்னார், "கொலிஜ் ஹொக்கிக்குக் கொலிஜ் கணிதம் சரிதானே எண்டு நினைச்சம்." பிழை சொல்ல முடியாது. இங்கே கொலிஜ் என்றால் டிப்ளோமாப் படிப்பு. அமெரிக்கர்கள் அதே சொல்லால் சொல்வது பல்கலைக்கழகத்தை. எங்கள் பாடத்திட்டத்தின் கொலிஜ் பிரிவுப் பாடங்களை என்.சி.ஏ.ஏ. பொதுவாக ஏற்பதில்லை. இரண்டாவது, தனியார் இணையப் பள்ளி ஒன்றில் கெதியாக முடித்த ஆங்கிலம். ஆசிரியரோடு ஒழுங்கான தொடர்பும் குறித்த கால அளவும் இல்லாத இணையப் பாடத்தை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. காசு கட்டுமுன் அந்தப் பள்ளியின் பெயர் என்.சி.ஏ.ஏ. தளத்தில் இருக்கிறதா, அந்தப் பாடம் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இப்போது இன்னொரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் ஒன்ராறியோவின் ஓ.எச்.எல். லீக் போன்ற, ஜூனியர் ஏக்கு மேற்படியான 'மேஜர் ஜூனியர்' அணியில் விளையாடினால் அமெரிக்கக் கல்லூரிக் கதவு மூடிவிடும். அங்கே மாதம் 600 டொலருக்கு மேற்படாத கைச்செலவுக் காசு கொடுப்பார்கள். அதை வைத்து என்.சி.ஏ.ஏ. அவர்களைத் தொழில்முறை ஆட்டக்காரர் என்று கணக்கெடுத்தது. 2024 நவம்பரில் அந்த விதியை மாற்ற வாக்களித்தார்கள், 2025 ஆகஸ்ட் 1இல் நடைமுறைக்கு வந்தது. கதவு திறந்தது நல்லதுதான். ஆனால் முதல் பிரிவில் ஆண்கள் அணிகள் அறுபது சொச்சம்தான், அந்தக் கதிரைகளுக்கு இப்போது ஓ.எச்.எல். பெடியன்களும் வரிசையில் நிற்கிறார்கள். ஜூனியர் ஏ பிள்ளைக்கு இடம் முன்னைவிடக் கஷ்டம் என்பது என் கணிப்பு.

காசு விசயம் சுருக்கமாக. அமெரிக்காவின் மேல்மட்ட ஜூனியர் லீக்கான யூ.எஸ்.எச்.எல். அணிகள் கட்டணம் வாங்குவதில்லை. கீழ்மட்டக் கழகங்கள் பல பெற்றோரிடம்தான் வாங்குகின்றன, 'கல்லூரிக்கு அனுப்புவோம்' என்ற வாக்குறுதியோடு. எத்தனை பேரை, எந்தக் கல்லூரிக்கு, எந்தப் பிரிவுக்கு என்று கேளுங்கள். என்.சி.ஏ.ஏ.யின் மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது.

அந்த மூன்றாம் பிரிவிலும் கனடியப் பல்கலைக்கழக அணிகளிலும் இந்தப் 16 பாடக் கணக்கு இல்லை. அன்றைக்குப் பெடியனோடு அதைப் பற்றித்தான் கதைத்தேன். அவன் கொப்பியைப் பார்த்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தான். தகப்பன் மெல்லக் கேட்டார், "இதை அப்பவே ஒருத்தரும் சொல்லேல்லையே, மிஸ்?"

அவர்கள் போன பிறகு அவனுடைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். கிரேட் 11இல் கணிதம் மாற்றிய படிவம் அதற்குள் இருந்தது. அவனுடைய கையெழுத்து, தகப்பனுடையது, கடைசியில் என்னுடையது. இப்போது அந்தப் படிவத்தோடு எந்தப் பிள்ளை வந்தாலும், கையெழுத்து வைக்குமுன் நான் முதலில் கேட்பது, "நீ ஹொக்கி விளையாடுறியா?"