ஆட்டிசம்: மாற்றுத்திறனாளி சான்றிதழ் வரும்வரை பெற்றோர் பயிற்சிக்குக் காத்திருக்க வேண்டாம்

குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் பல வீடுகளில் தொடங்குவது மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான அலைச்சல்தான். அது கைக்கு வந்தால்தான் அரசு எதையும் செய்யும் என்ற நினைப்பு. பாதிதான் சரி. காப்பீடு, வரிச் சலுகை, இடஒதுக்கீடு போன்றவற்றுக்குச் சான்றிதழ் கட்டாயம். ஆரம்பநிலைப் பரிசோதனைக்கும், சிறு குழந்தைக்கான தெரபிக்கும், குழந்தையை எப்படிக் கையாள்வது என்று பெற்றோர் கற்றுக்கொள்வதற்கும் அது தேவையில்லை. இரண்டு வேலைகளையும் ஒரே வாரத்தில் தொடங்கலாம். தொடங்குவதே நல்லது.

முதலில் போக வேண்டிய இடம் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம். 2013-ல் மத்திய அரசு தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற சிறார் நலத் திட்டத்தின் கீழ் இயங்குவது. பெரும்பாலும் மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும். பிறந்தது முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்குப் பரிசோதனையும் தொடர் சிகிச்சையும் இலவசம். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழு அனுப்பிவைக்கும் இடமும் இதுதான். அவர்கள் அனுப்பாவிட்டாலும் நேரே போகலாம். எல்லா மையத்திலும் எல்லாப் பணியிடமும் நிரம்பியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஸ்பீச் தெரபிஸ்ட் எந்தெந்த நாள் வருவார் என்று கேட்டுக்கொண்டு போவது ஒரு நடையை மிச்சப்படுத்தும்.

சென்னைக்கு அருகில் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான என்.ஐ.இ.பி.எம்.டி. என்ற தேசிய நிறுவனம் இருக்கிறது. 2021 ஜூனில் நாடு முழுவதும் 14 இடங்களில் திறக்கப்பட்ட, எல்லா வகைக் குறைபாட்டுக்கும் ஒரே கூரையின் கீழ் ஆரம்பநிலைச் சேவை தரும் மையங்களில் ஒன்று அங்கே செயல்படுகிறது. பெற்றோருக்கான ஆலோசனையும் பயிற்சியும் அதன் வேலையிலேயே சேர்த்தி.

இந்தப் பயிற்சி யாரோ பார்த்துப் போடும் சலுகை அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 47-வது பிரிவு, குடும்பத்தினருக்கும் பராமரிப்பாளர்களுக்கும் பராமரிப்பு குறித்த பயிற்சித் திட்டங்களை அரசு நடத்த வேண்டும் என்கிறது. ஆகவே மையத்தில் "பெற்றோர் பயிற்சி எப்போது நடக்கும்?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு வாரம் அரை மணி நேரத் தெரபி மட்டுமே கிடைத்துவிடுவதுண்டு. மீதி நேரமெல்லாம் குழந்தை வீட்டில்தானே இருக்கிறது? அங்கே என்ன செய்வது என்பதுதான் உண்மையான கேள்வி.

பயிலரங்கில் என்ன சொல்லித் தருவார்கள்? உலக சுகாதார நிறுவனம் பராமரிப்பாளர்களுக்கென வகுத்த திட்டத்தைப் பார்த்தால் ஒரு தெளிவு கிடைக்கும். 2 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளின் குடும்பங்களுக்கானது. 9 குழு வகுப்புகள், 3 முறை வீட்டுக்கே வந்து பார்த்தல். குழந்தை எதில் மூழ்கியிருக்கிறதோ அதில் நாமும் சேர்ந்துகொள்வதிலிருந்து பாடம் தொடங்குகிறது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறதா, பொம்மையைப் பிடுங்கி "இப்படி விளையாடு" என்று காட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து நாமும் ஒரு சக்கரத்தைச் சுற்றுவது. பிறகு குளியல், சாப்பாடு, தூக்கம் போன்ற அன்றாட வேலைகளை ஒரே வரிசையில் பழக்குவது. வார்த்தை வராத குழந்தை கையைப் பிடித்து இழுப்பதையும் பேச்சாக ஏற்றுப் பதில் சொல்வது. சட்டை போடுவதைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துப் பழக்குவது. அலறலுக்கும் அடம்பிடிப்பதற்கும் முன்னால் என்ன நடந்தது என்று கவனிப்பது. பெற்றோர் தங்கள் மனநலத்தைப் பார்த்துக்கொள்வதும் பாடத்தில் ஒரு பகுதி. பலர் அதை வீண் என்று நினைக்கிறார்கள். இரவு தூக்கமில்லாத அம்மாவால் மற்றப் பாடங்கள் எதையும் செய்ய முடியாது.

வகுப்புக்கு அம்மா மட்டும் போனால் போதாது. பகலில் குழந்தையைப் பார்ப்பது பாட்டி என்றால் பாட்டி வர வேண்டும். அப்பா கட்டாயம் வர வேண்டும். ஒருவர் கற்று வந்ததை இன்னொருவர் "செல்லம் கொடுக்கிறாய்" என்று கலைத்துவிடும் வீடுகள் நிறைய. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கும் தனியாகக் குழந்தை வளர்க்கும் ஆண் ஊழியர்களுக்கும் பணிக்காலத்தில் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. குழந்தை மாற்றுத்திறனாளி என்றால் 18 வயது வரம்பு பொருந்தாது.

தனியார் மையத்துக்குப் போவதானால் ஒன்றைக் கேளுங்கள்: ஸ்பீச் தெரபிஸ்டுக்கும் சிறப்பாசிரியருக்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா? ஆட்டிசத்தை முழுவதுமாகக் குணப்படுத்துகிறேன் என்று உறுதி கூறுபவரிடம் பதிவு எண்கூடக் கேட்க வேண்டாம், கிளம்பி வந்துவிடலாம்.

இனி சான்றிதழ். 1995-ன் பழைய சட்டப் பட்டியலில் ஆட்டிசம் கிடையாது. 2016 சட்டத்தின் 21 வகைகளில் இடம்பிடித்தது. யு.டி.ஐ.டி. என்ற தனித்துவ அடையாள அட்டைக்கு ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். ஆட்டிசத்தை அளக்கும் ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோலில் 40 கூறுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்த மதிப்பெண்ணை வைத்துப் பாதிப்பின் சதவீதத்தைச் சொல்வார்கள்; பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதம் தேவை. அங்கே நிறையக் கேள்விகளுக்குப் பெற்றோர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். குழந்தையால் முடியாததைச் சொல்லக் கூச்சப்பட்டு "ஓரளவு செய்வான்" என்று சமாளித்தால் சதவீதம் குறையும். சின்னக் குழந்தைக்குத் தற்காலிகச் சான்றிதழ் தந்தால் காலாவதித் தேதியைக் குறித்துவையுங்கள்.

சான்றிதழ் வந்ததும் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் சேர்த்துவிடுங்கள். 1999-ன் தனிச் சட்டத்தால் உருவான இந்த அறக்கட்டளை ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டுமானது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனை இல்லை, வயது வரம்பு இல்லை. மற்றக் காப்பீடுகள் கைவிரிக்கும் தெரபிச் செலவுக்கும் அதற்கெனத் தனியாக வைத்த ஒரு வரம்புக்குள் பணம் கிடைக்கும். செலவு செய்த பிறகு பில்லைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு தெரபி ரசீதும் பத்திரம். அறக்கட்டளையில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் வழியாகச் சேரலாம். ஆண்டுதோறும் புதுப்பிக்க மறந்தால் பாதுகாப்பு நின்றுபோகும்.

பழைய வரி முறையில் கணக்குக் காட்டும் பெற்றோருக்கு 80-டிடி என்று பழகிப்போன வருமான வரிக் கழிவு உண்டு: 75,000 ரூபாய்; பாதிப்பு 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000. உண்மையில் எவ்வளவு செலவானது என்பது பொருட்டல்ல. ஆட்டிசத்துக்குத் தனிப் படிவத்தில் மருத்துவர் சான்று கேட்பார்கள், ஆடிட்டரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

பள்ளி பற்றிச் சுருக்கமாக: குறைந்தது 40 சதவீதப் பாதிப்பு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி சட்டப்படி உரிமை. அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைத் தேடிப் பிடியுங்கள். ஆட்டிசத்தைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்க மறுத்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம்.

பலரும் தவறவிடுவது 18-வது பிறந்தநாளை. அதன் பிறகு சட்டத்தின் கண்ணில் பெற்றோர் தாமாகவே பாதுகாவலர் அல்ல. வங்கிக் கணக்கோ சொத்தோ பிள்ளையின் பெயரில் இருந்தால் அன்றுதான் சிக்கல் தெரியும். இதற்கு நீதிமன்றம் போகத் தேவையில்லை. கலெக்டர், ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி அடங்கிய உள்ளூர்க் குழு மாவட்டந்தோறும் உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து அதற்கு விண்ணப்பிக்கலாம். பாதுகாவலர் தேவையா, எந்தெந்த விஷயத்துக்கு என்பதைக் குழு முடிவு செய்யும். நியமனம் ஆனவர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். பெற்றோரே பாதுகாவலர் என்றாலும் விதிவிலக்குக் கிடையாது.