இபோகா வேரு: ஒரு ராத்திரிக்குள்ள மூளையில என்னதான் நடக்குது?

நம்ம ஊர்ல வாசல்ல வைக்கிற நந்தியாவட்டை, அரளி, நித்தியகல்யாணி எல்லாம் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்துல இன்னொரு செடி மத்திய ஆப்பிரிக்காவுல, காபோன் நாட்டு மழைக்காட்டுல மர நிழல்ல வளருது, பேரு இபோகா. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல போகுற புதர்ச்செடி, சின்னச் சின்னப் பூ, ஆரஞ்சு கலர்ல பழம். பாத்தா ஒண்ணுமே தோணாது. சமாச்சாரம் எல்லாம் வேர்ப்பட்டையிலதான் இருக்கு, அதுவும் செடி சில வருஷம் வளந்த பிறகுதான் தோண்டுவாங்க.

காபோன்ல ப்விட்டின்னு ஒரு ஆன்மிக மரபு இருக்கு. மித்சோகோ, அபின்ஜி மாதிரி மக்கள்கிட்ட ரொம்ப காலமா இருந்தது, அவங்ககிட்டேர்ந்து ஃபாங் மக்கள் எடுத்துக்கிட்டு கிறிஸ்தவத்தையும் கலந்து தங்களுக்குன்னு ஒரு வடிவம் பண்ணிக்கிட்டாங்க. இபோகாவோட குணத்த முதல்ல கண்டுபிடிச்சது காட்டுல வேட்டையாடி வாழுற பாபோங்கோ மக்கள்தான்னு காபோன்லயே சொல்லுவாங்க. பிரெஞ்சு ஆட்சியிலயும் சரி, மிஷனரிகள்கிட்டயும் சரி, ப்விட்டிக்கு நல்ல பேர் கிடையாது, கோயில்களைக் கூட அழிச்சிருக்காங்க. ஆனா சுதந்திரத்துக்கு அப்புறம் முதல் ஜனாதிபதியா வந்த லியோன் ம்பாவே ப்விட்டியோட நெருக்கமா இருந்தவர். 2000ல அரசாங்கமே இபோகாவ தேசியச் சொத்துன்னு அறிவிச்சிருச்சு.

இந்த மரபுக்குள்ள புதுசா நுழையுற ஆளுக்கு பான்சின்னு பேரு, சடங்க நடத்துற குரு ங்காங்கா. ஆத்துல குளிப்பாட்டுவாங்க, செஞ்ச தப்பையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுவாங்க, உடம்புல வெள்ளைக் களிமண்ணும் சிவப்பு மரப்பொடியும் பூசுவாங்க. அப்புறம் வேர்ப்பட்டைச் சீவல கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடக் கொடுப்பாங்க, கசப்புன்னா அப்படி ஒரு கசப்பு. வாந்தி வரும், வரட்டும்னு விட்டுருவாங்க, ஏன்னா அவங்களுக்கு அது உள்ள இருக்குற அழுக்கு வெளிய போறது. விடிய விடிய ங்கோம்பின்னு எட்டு நரம்பு யாழ் வாசிப்பாங்க, மொங்கோங்கோன்னு வாயில வச்சு வாசிக்கிற வில்லும் உண்டு, தீப்பந்தம், ஆட்டம். சில கிளைகள்ல பான்சி ஒரு கண்ணாடியப் பாத்துக்கிட்டே உக்காந்து, தெரியுறத சத்தமா சொல்லிக்கிட்டு வரணும், கேக்குறவங்க அதுக்கு ஏத்த மாதிரி வழிகாட்டுவாங்க. செத்துப்போன முன்னோர்களப் போய்ப் பாத்துட்டு வர்றதுதான் நோக்கம்.

இப்ப உடம்புக்குள்ள வருவோம். 1901ல ரெண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் வேர்லேர்ந்து இபோகெய்ன்னு ஒரு ஆல்கலாய்ட (செடிகள்ல உருவாகுற ஒரு வகை ரசாயனம்) பிரிச்செடுத்தாங்க. எல்.எஸ்.டி, காளான் போதை இதெல்லாம் முக்கியமா ஒரே ஒரு செரடோனின் ஏற்பியப் பிடிச்சு ஆட்டுற ஜாதி (செரடோனின்ங்கிறது நரம்பு செல்கள் சேதி அனுப்புற ஒரு ரசாயனம், ஏற்பிங்கிறது அந்த மாதிரி ரசாயனம் போய் ஒட்டுற பூட்டு மாதிரி). இபோகெய்ன் அப்படி இல்ல, சாம்பார்ல போட்ட உப்பு மாதிரி எங்க தொட்டாலும் கொஞ்சம் இருக்கும். என்எம்டிஏங்கிற ஏற்பிய அடைக்குது (கெட்டமின் மயக்க மருந்து வேலை செய்யுறதும் அங்கதான்), கப்பா ஓபியாய்ட் ஏற்பியத் தட்டி விடுது, நிக்கோட்டின் ஏற்பிகள்ல ஒரு வகைய மூடுது, செரடோனின திரும்ப உறிஞ்சுற பம்பையும் தடுக்குது. இதுல எது எதுக்குக் காரணம்னு இன்னமும் சண்டை ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா வர்ற அனுபவம் வேற ரகம், முழிச்சுக்கிட்டே கனவு காணுற நிலைன்னு சொல்லலாம். கண்ண மூடுனா காட்சி ஓடும், பழைய ஞாபகம், செத்தவங்க முகம்னு வரும், கண்ணத் திறந்தா பெரும்பாலும் நின்னுரும். கை கால் தள்ளாடும், தலைய அசைச்சாலே குமட்டும், அதனால ஆள் தானா அசையாம கிடப்பான்.

காட்சி தீவிரமா ஓடுறது ஒரு 4லேர்ந்து 8 மணி நேரம். அதுக்கப்புறம் காட்சி அடங்கிரும் ஆனா தூக்கம் வராது, பாத்ததையெல்லாம் மனசு அசைபோட்டுக்கிட்டே இருக்கும், அது அடுத்த நாள் வரைக்கும் கூட போகும். கல்லீரல்ல இருக்குற சிஒய்பி2டி6ங்கிற நொதி இபோகெய்ன நோரிபோகெய்னா மாத்துது, இபோகெய்ன் சில மணி நேரத்துல குறைஞ்சிரும், ஆனா நோரிபோகெய்ன் நாள் கணக்குல ரத்தத்துல நிக்கும். சடங்க கவனிச்சுப் பாத்தா எனக்கு ஆச்சரியமா இருக்குறது இதுதான், யாருக்கும் நொதி பத்தி ஒண்ணும் தெரியாது, ஆனா ஒரே வாய்ல கொடுக்காம ஆளப் பாத்துப் பாத்து கொடுக்குறது, தனியா விடாம கூடவே இருக்குறது, விடிஞ்ச பிறகும் உடனே வீட்டுக்கு அனுப்பாம வச்சுக்கிறதுன்னு இந்த மருந்தோட நேரக் கணக்குக்கு ஏத்த மாதிரியேதான் எல்லாம் அமைஞ்சிருக்கு. அந்த நொதி சிலருக்கு பிறவியிலேயே மெதுவா வேலை செய்யும், அப்படி ஒருத்தருக்கு எடுத்த எடுப்புல மொத்தமா கொடுத்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

ஆபத்து இதயத்துல. ஒவ்வொரு துடிப்புக்கு அப்புறமும் இதயத் தசை செல்லுலேர்ந்து பொட்டாசியம் வெளிய போனாத்தான் அது அடுத்த துடிப்புக்கு ரெடியாகும். அந்தப் பொட்டாசியம் வழிய இபோகெய்ன் அடைக்குது. ஈசிஜியில க்யூடின்னு சொல்ற இடைவெளி நீளுது, ரொம்ப நீண்டா துடிப்பு தாறுமாறாகி ஆளே போயிரலாம். 1990லேர்ந்து 2008 வரைக்கும் ஆப்பிரிக்க சடங்குக்கு வெளிய நடந்த 19 சாவுகள ஒரு ஆய்வு அலசிச்சு, நிறைய பேருக்கு ஏற்கெனவே இதய நோயோ வேற போதைப் பொருளோ உடம்புல இருந்திருக்கு. அதுக்காக சடங்குல ஆபத்தே இல்லன்னு அர்த்தமில்ல, அங்கயும் செத்திருக்காங்க. இதப் படிச்சிட்டு ஆன்லைன்ல வாங்கி டிரை பண்ணலாம்னு யாராவது நினைச்சா, தயவு செஞ்சு வேண்டாம்.

காட்டுக்கு வெளிய இதோட கதை விசித்திரமா போச்சு. 1939லேர்ந்து பிரான்ஸ்ல லம்பரேன்னு ஒரு மாத்திரை வித்தாங்க, ஒண்ணுல சுமார் 8 மில்லிகிராம் இபோகெய்ன், சோர்வுக்கு டானிக் மாதிரி. காட்சி வர்ற அளவுக்கு இதப் போல நூறு மடங்கு வேணும், அதனால யாருக்கும் முன்னோர் தெரியல. 1962ல அமெரிக்காவுல ஹெராயினுக்கு அடிமையா இருந்த ஹோவர்ட் லோட்சாஃப்னு 19 வயசுப் பையன் போதைக்காக இத எடுத்துட்டு, எல்லாம் இறங்கின பிறகு பாத்தா ஹெராயின் வேணும்னே தோணல, விட்டா வர்ற உடம்பு வலி நடுக்கமும் வரல. அதுக்கப்புறம் வாழ்க்கை பூரா இதையே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சார், பேடன்ட் கூட வாங்கினார். எலி மூளையில ஜிடிஎன்எஃப்னு நரம்பு செல்ல வளக்குற ஒரு புரதத்த இபோகெய்ன் கூட்டுதுன்னு 2005ல காட்டினாங்க, ஆசை ஏன் அடங்குதுங்கிறதுக்கு அது ஒரு விளக்கமா இருக்கலாம்.

2024 ஜனவரியில ஸ்டான்ஃபோர்ட் ஆட்கள் வெளியிட்ட ஆய்வுல, தலையில அடிபட்ட 30 முன்னாள் அமெரிக்கப் படைவீரர்கள் மெக்சிகோவுல இபோகெய்ன் எடுத்துக்கிட்டாங்க, இதயத்தப் பாதுகாக்க கூடவே மெக்னீசியமும் கொடுத்தாங்க. ஒரு மாசம் கழிச்சு மன அதிர்ச்சி, மனச்சோர்வு அறிகுறிகள் சராசரியா 80 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருந்துச்சு. ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குழு இல்லாத சின்ன ஆய்வு, அதனால நான் இன்னும் ரொம்ப குதிக்க மாட்டேன்.

இவ்வளவு பேர் கேக்க ஆரம்பிச்சதும் காட்டுல செடி திருட்டு கூடிப்போச்சு, 2019ல காபோன் ஏற்றுமதிய நிறுத்தி வச்சுது. வெளிநாட்டு கிளினிக்குகளுக்குப் போறதுல நிறைய, வோகாங்கான்னு இதே குடும்பத்து ஒரு ஆப்பிரிக்க மரத்துலேர்ந்து எடுத்து லேப்ல மாத்துனது. இன்னொரு பக்கம் காட்சியும் வராம, இதயத்துக்கும் கேடில்லாத மாதிரி டேபர்னாந்தலாக்னு ஒரு மூலக்கூற செஞ்சிருக்காங்க, எலிகளுக்குக் கொடுத்தா குடிக்கிறதும் ஹெராயின் தேடுறதும் குறையுது. முன்னோரப் பாக்காமலே பழக்கம் போயிரும்னா ஆஸ்பத்திரிக்கு அது லாபம்தான், ஆனா ப்விட்டிக்காரங்ககிட்ட போய் காட்சி இல்லாத இபோகான்னு சொன்னா அப்புறம் எதுக்கு அதச் சாப்பிடணும்னு கேப்பாங்க.