அகதியா, தஞ்சம் கேட்பவரா? ‘அசைலம்’ என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன?

‘படகில் வந்த அகதிகள் கைது’ என்று ஒரு தலைப்பு. நாலே சொல், அதில் ஒன்று அவசரப்பட்டு விழுந்திருக்கிறது. படகிலிருந்து இறங்கியவர் அகதியா இல்லையா என்பதை இனிமேல்தான் ஓர் அதிகாரியோ நீதிமன்றமோ சொல்லப்போகிறது. அதுவரை அவர் ஆங்கிலத்தில் ‘அசைலம் சீக்கர்’, விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர். (முடிவு வந்துதான் ஒருவர் அகதி ஆகிறார் என்றில்லை, ஏற்கெனவே அகதியாக இருப்பவரை அகதி என்று அறிவிக்கிறார்கள், அவ்வளவுதான் என்பது ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் நிலை. நியாயம்தான். ஆனால் செய்தி எழுதுகிறவருக்கு அது முன்கூட்டியே தெரிய வழியில்லையே.)

‘அசைலம்’ கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே ‘சூலே’ என்றால் பறித்துக்கொள்ளும் உரிமை, ‘அ’ முன்னால் சேர்ந்தால் அந்த உரிமை செல்லாது. கோயிலுக்குள் ஓடிப்போய்ப் பலிபீடத்தைப் பிடித்துக்கொண்டவனை வெளியே இழுக்கக் கூடாது என்ற பழைய வழக்கத்தின் சொல் இது. பரிவு, உபசாரம் எல்லாம் அதில் கிடையாது. ‘இங்கே கை வைக்காதே’, அவ்வளவுதான்.

நம்முடைய ‘அகதி’யிலும் முன்னால் ஓர் ‘அ’ நிற்கிறது. வடமொழி வரவு, அ + கதி. ‘நீயே கதி’ என்கிறோமே, அந்தக் கதி இல்லாதவர். ‘அகதிக்குத் தெய்வமே துணை’ என்ற பழமொழியில் எல்லை தாண்டிய ஆள் யாரும் இல்லை, நாதியற்ற ஏழைதான் இருக்கிறார். சட்டப்பொருள் பிறகு வந்து ஏறியது. ஐ.நா.வின் 1951 அகதிகள் உடன்படிக்கைப்படி இனம், மதம், தேசியம், ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தோடு தன் நாட்டுக்கு வெளியே இருப்பவர்தான் அகதி. பசியும் வறட்சியும் அந்தப் பட்டியலில் இல்லை.

தனித்தமிழில் ‘ஏதிலி’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு உறுத்தல். குறளில் ‘ஏதிலார்’ என்றால் அயலார். காதலர்கள் ஊருக்கு முன்னால் ‘ஏதிலார் போல’ப் பார்த்துக்கொள்வது 1099ஆம் குறள். ‘ஏதும் இல்லாதவர்’ என்று நாம் இரக்கத்தோடு பொருள் சொல்லிக்கொள்ளும் சொல்லின் பழைய முகம் ‘நமக்குச் சம்பந்தமில்லாதவர்’. வந்தவரை உள்ளே விடலாமா என்று சண்டை நடக்கும்போது, சொல்லே அவரை வெளியே நிறுத்திவிடுகிறது!

மிச்சம் இருப்பவை தஞ்சம், புகலிடம், அடைக்கலம். மூன்றும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் யார் பக்கம் நின்று பேசுகின்றன என்று பாருங்கள். தஞ்சம் வருபவர் பக்கம், ‘தஞ்சம் புகுந்தார்’ என்போம். புகலிடம் என்றால் புகுவதற்கான இடம், யார் பக்கமும் சாயாது. அடைக்கலம் ஏற்பவர் தலையில் விழும் பொறுப்பு. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கே அடைக்கலக் காதை என்று பெயர். பின்னால் கோவலன் கொலையுண்ட சேதி வந்ததும், கொலையில் எந்தப் பங்கும் இல்லாத அந்த மாதரி, அடைக்கலத்தை இழந்துவிட்டேன் என்று தீயில் இறங்குகிறாள். அடைக்கலம் என்ற சொல்லின் எடை அது.

இன்றைய விவாதமே இந்த இடைவெளியில்தான் ஓடுகிறது. 1948 மனித உரிமைப் பிரகடனத்தின் 14ஆம் பிரிவு புகலிடத்தைத் தேடவும், கிடைத்தால் அனுபவிக்கவும் உரிமை தருகிறது. வரைவில் ‘தரப்படுவதற்கும்’ என்று இருந்ததை மாற்றிவிட்டார்கள். அதாவது தஞ்சம் கேட்பது உரிமை, அடைக்கலம் கொடுப்பது அரசின் விருப்பம். ஆனால் ஆபத்துக்குள் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1951 உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு கட்டிப்போடுகிறது.

அப்புறம், இப்படி வருபவர்களுக்குச் சூட்டப்படும் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற பெயர். தஞ்சம் கேட்கப் பொதுவாக அந்த மண்ணில் காலை வைத்தாக வேண்டும், அதற்கென்று விசா கிடையாது, விசா இல்லாதவரை ஏற்றிவந்தால் விமான நிறுவனத்துக்கு அபராதம், எனவே விமானத்தில் இடம் கிடைக்காதவர் அதைவிடப் பல மடங்கு பணத்தைக் கடத்தல்காரனிடம் கொடுத்துப் படகில் ஏறுகிறார். இதற்காகத்தான் அனுமதியின்றி நுழைந்ததற்குத் தண்டிக்கக் கூடாது என்று அதே 1951 உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ‘நேரடியாக’ வந்திருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. வருகையைக் கட்டுப்படுத்தச் சொல்பவர்கள் பிடித்துக்கொள்வது இந்தச் சொல்லைத்தான்: வழியில் பாதுகாப்பான நாடு இருந்ததே, அங்கேயே கேட்டிருக்கலாமே என்கிறார்கள். அது சும்மா தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. ஆனால் அதை முழு விதியாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனி உதாரணம். 1993இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, பாதுகாப்பான நாடு வழியாக வந்தவர் அதிலுள்ள புகலிட உரிமையைக் கோர முடியாது என்றார்கள். ஜெர்மனியைச் சுற்றி இருப்பவை எல்லாமே பாதுகாப்பான நாடுகள். தரைவழியாக வந்த யாருக்கும் அரசியல் சட்டத்தின் அந்தக் கதவு இல்லை.

சரி, எதை எழுதுவது? முடிவு வராதவருக்குப் ‘புகலிடக் கோரிக்கையாளர்’, ஈழத்தமிழர் ஊடகங்களில் நன்றாகப் பழகிய சொல். பேச்சுவாக்கில் ‘தஞ்சம் கேட்பவர்’ போதும். ஏற்கப்பட்டவருக்கு ‘அகதி’. வேலை தேடிப் போனவர் ‘குடியேறியவர்’. அந்தத் தலைப்பு ‘படகில் வந்து தஞ்சம் கேட்டவர்கள் கைது’ என்று இருந்திருந்தால், ஏன் கைது என்ற அடுத்த கேள்வியை வாசகரே கேட்டிருப்பார்.