"அஞ்சு லட்சத்துக்குள்ள காட்டிடுங்க சார்"

ஜூலை பிறந்துவிட்டால் என் மேசைக்கு எதிரே உட்காருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது இதைத்தான். வரியில்லா வரம்பு உயர்ந்ததும் அந்த அஞ்சு பன்னிரண்டாக மாறியது, மற்றபடி வாக்கியம் அப்படியே இருக்கிறது. மதுரையில் பல வருடமாக வரி ஆலோசகனாக இருக்கிறேன், நானும் அப்படிக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். வாடிக்கையாளர் தந்த கணக்கைத்தானே போட்டோம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டதும் உண்டு.

விளக்குத்தூண் பக்கம் பாத்திரக் கடை வைத்திருந்தார் ஒருவர் (ஆள் தெரியக்கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). சித்திரைத் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் நீர்மோர்ப் பந்தல் போடுவார், உதவி என்று வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். வரி என்றால் மட்டும், "நான் கட்டி எவனோ திங்கிறதுக்கா?" என்பார். கடையில் இரண்டு நோட்டு. ஒன்று எனக்கு வரும், இன்னொன்று கல்லாப்பெட்டிக்கு அடியிலேயே இருக்கும். வருடத்துக்கு 12 லட்சம் வரை சம்பாதித்தவர் வருமான வரி ரிட்டர்னில் காட்டியது 4,80,000. அன்றைய சட்டப்படி அதற்கு வரி சைபர்.

43 வயதில், திருமங்கலம் நான்குவழிச் சாலையில் லாரி மோதி இறந்துபோனார். நஷ்டஈட்டு வழக்கில் வருமானத்துக்கு ஆதாரம் கேட்டபோது இருந்தது அந்த ரிட்டர்ன்கள்தான். அவர் மனைவி என் ஆபீசுக்கு வந்து, "அண்ணே, அவ்வளவு வியாபாரம் நடந்துச்சே, நீங்க கோர்ட்டுல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே" என்றார். என்னத்தைச் சொல்வது? நான் தாக்கல் செய்த ரிட்டர்ன் பொய் என்று நானே கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும்.

இப்படிப்பட்ட நஷ்டஈட்டுக்கு உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்துத் தந்த கணக்கு இது. சுயதொழில் செய்கிறவர், வயது 40-க்கு மேல், 50-க்குள் என்றால் வருமானத்தோடு 25 சதவீதம் கூட்ட வேண்டும். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று நான்கு பேர் அவரை நம்பி இருந்ததால், அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழிய வேண்டும். 43 வயதுக்குப் பெருக்க வேண்டிய எண் 14. காட்டிய 4.8 லட்சத்துக்கு இப்படிப் போட்டால் 63 லட்சம் வருகிறது. உண்மையான 12 லட்சத்துக்கு, எந்தக் கழிவும் எடுக்காமல் பார்த்தாலும், அன்றைக்கு வரி 1,79,400 ரூபாய். அதைக் கட்டிய பிறகு மிஞ்சுவதற்கு இதே கணக்கைப் போட்டால் 1 கோடியே 34 லட்சத்துக்குப் பக்கம் வரும். வித்தியாசம் 70 லட்சத்துக்கு மேல்.

சரி, இது சுயநலக் கணக்கு. சாகாமலும் மாட்டாமலும் இருந்துவிட்டால் ஏய்த்தது நியாயமாகிவிடுமா? அவரை 108-தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, இரண்டு நாள் அங்கேதான் போராடினார்கள், பான் கார்டைக் காட்டு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அரசாங்கம் காசை வீணடிப்பதே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் அதைக் கேட்க ஓட்டு இருக்கிறது, 10 ரூபாய் கட்டினால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம் (நான் இரண்டு போட்டேன், ஒன்றுக்குப் பதில் வந்தது). துண்டுச் சீட்டில் பில் எழுதுவது யாரையும் கேள்வி கேட்பதாகாது. கீழமாசி வீதியில் மூட்டை தூக்குகிறவர் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்யும்போது அதில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போகிறதே, "எனக்கு பில் வேண்டாம், வரியைக் கழிச்சுக்கோங்க" என்று அவரால் சொல்ல முடியுமா? ஏய்க்க வசதி இருக்கிற நாம்தான் அதைச் சொல்கிறோம்.

அதற்காக ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் கட்டுங்கள் என்று சொல்லவில்லை. சட்டம் தந்திருக்கிற வழியில் குறைப்பது வேறு, அதைச் செய்து கொடுக்கத்தான் நான் ஃபீஸ் வாங்குகிறேன். விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருக்கிற கடைக்காரருக்கு ஜி.எஸ்.டி.யில் 1 சதவீதம் கட்டும் தொகுப்புத் திட்டம் இருக்கிறது. 2025-26 முதல் புதிய வருமான வரி முறையில் 12 லட்சம் வரை தொழில் வருமானத்துக்கு வரியே வராது, இன்று அந்தப் பாத்திரக் கடைக்காரர் இருந்திருந்தால் உள்ளதை உள்ளபடி காட்டியும் கையை விட்டு ஒரு பைசா போயிருக்காது. வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி.யை வசூலித்துவிட்டு அதைக் கட்டாமல் அமுக்குகிறார்களே, அதை ஏய்ப்பு என்று சொல்வதே மரியாதை. அது அடுத்தவர் காசு.

பழைய வருமானம் விட்டுப்போயிருந்தால் அப்டேட்டட் ரிட்டர்ன் போடலாம், நான்கு வருடம் வரை வழி உண்டு. வரிக்கும் வட்டிக்கும் மேல், முதல் வருடத்துக்குள் என்றால் அதில் 25 சதவீதம், தள்ளிக்கொண்டே போனால் நான்காவது வருடத்தில் 70 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். வலிக்கத்தான் செய்யும். ஆனால் துறையே கண்டுபிடித்து, வேண்டுமென்றே மறைத்தது என்று முடிவானால் அபராதம் மட்டும் அந்த வரியைப் போல இரண்டு மடங்கு. வருகிறவர்கள் கல்லாவுக்கு அடியில் இருக்கிற நோட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.